பட்டைக்கடத்தி ஒலிபெருக்கிப் பெட்டி

பட்டைக்கடத்தி ஒலிபெருக்கிப் பெட்டி என்பது, தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளுள் குறிப்பிட்ட ஒரு பட்டையை மட்டும் வெளிவிடுமாறு அமைக்கப்படும் ஒலிபெருக்கிப் பெட்டி ஆகும். இதில் சப்வூஃபர் ஒலிபெருக்கி பெட்டியின் வெளிச்சுவரில் பொருத்தப்படுவதில்லை. பெட்டியை இரண்டு அறைகளாகப் பிரிக்கும் உட்சுவரில் பொருத்தப்படுகின்றது. எனவே ஒலிபெருக்கியின் கூம்பு வெளியே தெரியாது. ஒலி முழுவதும் துளைக்குழாய் ஒன்றின் வழியாகவே வெளியேறுகின்றது. மகிழுந்துகளின் டிக்கியில் இடம் குறைவு என்பதாலும், குறைந்த மின்திறனில் மிகுந்த தாழ்சுர ஒலியைப் பெற இயலும் என்பதாலும் இவ்வகைப் பெட்டி மகிழுந்து ஒலியமைப்புகளில் பரவலாகப் பயன்பட்டு வந்துள்ளது. எனினும் சப்வூஃபர் பெட்டி வகைகளுள் வடிவமைப்பில் ஏற்படும் பிழையை மிகக் குறைவாகப் பொறுத்துக்கொள்வதும் இதுவே எனலாம்.

இக்கட்டுரையில் ஒலிபெருக்கி என்னும் சொல் காந்தமும் கம்பிச்சுருளும் கூம்பும் கொண்ட உறுப்பை மட்டுமே குறிக்கின்றது. அது பொருத்தப்படும் மரப்பெட்டியை அன்று.

இயங்கும் முறை

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே நகரும்போது முன்பக்கக் காற்று அழுத்தம் பெறுகின்றது. பின்பக்கக் காற்று விரிவடைகின்றது. பெட்டி இல்லையெனில் தாழ்ந்த அதிர்வெண்களில் இவ்விரு அலைகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். பின்பக்க அலையை முற்றிலும் அடைத்து வைப்பது மூடிய பெட்டி. அதைத் துளைக்குழாய் வழியாகக் காலந்தாழ்த்தி வெளிவிட்டுப் பயன்படுத்திக்கொள்வது துளைப்பெட்டி. பட்டைக்கடத்திப் பெட்டியின் எளிய வடிவம் இவ்விரண்டையும் ஒன்றாக இணைக்கின்றது: கூம்பின் ஒரு பக்கம் அடைப்பறை, மறுபக்கம் துளையறை.

துளையறையில் உள்ள காற்று ஒரு சுருள்வில்லைப் போன்றும், குழாயில் உள்ள காற்று அவ்வில்லின் முனையில் கட்டப்பட்ட எடையைப் போன்றும் செயற்படுகின்றன. காலிக் குப்பியின் வாயில் ஊதும்போது எழும் ஒலியும் இதே விதிப்படி பிறப்பதுதான். 19ஆம் நூற்றாண்டில் செருமானிய அறிவியலாளர் எர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதனை விரிவாக ஆராய்ந்தமையால் இது ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு எனப்படுகின்றது. ஒத்ததிர்வு நிகழும் அதிர்வெண் துளையறையின் இசைவு அதிர்வெண் ஆகும். அந்த அதிர்வெண்ணில் கூம்பு மிகக் குறைவாகவே அசையும். குழாயின் காற்று பேரளவில் அசையும். இசைவு அதிர்வெண்ணுக்கு வெகு மேலே உள்ள ஒலிகளுக்குக் குழாயின் காற்று ஈடுகொடுத்து அசைய இயலாமையால் அவை பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. வெகு கீழே உள்ள ஒலிகளை அடைப்பறைக் காற்றின் விறைப்பு கட்டுப்படுத்துகின்றது. இவ்வாறு மேலும் கீழும் வெட்டுப்பட்ட ஒரு பட்டை மட்டும் வெளிவருகின்றது.

வகைகள்

ஓர் அறை மூடியும் மற்றோர் அறை துளையுடனும் அமைந்தால் அது நான்காம் படிப் பெட்டி. பட்டைக்கு வெளியே இருபுறமும் ஒலி ஒரு ஸ்தாயிக்கு, அதாவது அதிர்வெண் இருமடங்காகவோ பாதியாகவோ மாறும் இடைவெளிக்கு, ஏறத்தாழ 12 டெசிபெல் வீதம் குறைகின்றது. இரண்டு அறைகளுக்கும் துளைக்குழாய் அமைந்தால் அது ஆறாம் படிப் பெட்டி. இதில் மேலும் மிகையான ஒலியைப் பெறலாம். ஆனால் பட்டைக்குக் கீழே ஒலி துளைப்பெட்டியில் போலவே ஸ்தாயிக்கு 24 டெசிபெல் வீதம் சரிகின்றது. கீழ் இசைவு அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைத் தாங்கிப் பிடிக்கும் காற்றுவில் இல்லாமையால், அவ்வொலிகளை முன்னரே வடிகட்டாவிடில் கூம்பு எல்லை மீறி அசைந்து சேதமுறும். தாமே பெட்டி செய்ய முற்படுவோருக்கு நான்காம் படியே ஏற்றது. இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி அதனைப் பற்றியதே.

வரலாறு

ஒலிபெருக்கியைப் பெட்டிக்குள் மறைத்து, அறையின் ஒத்ததிர்வு வழியே ஒலியை வெளிவிடும் எண்ணம் பழையது. ஆந்திரே டால்டன் என்பவருக்கு 1934இலும், என்றி லாங் என்பவருக்கு 1954இலும் இவ்வழியிலான அமெரிக்கக் காப்புரிமைகள் வழங்கப்பட்டன. ஆயினும் ஒலிபெருக்கியின் பண்புகளைச் சில எண்களாக அளந்து, அவற்றிலிருந்து பெட்டியைக் கணக்கிடும் முறை ஆத்திரேலியாவின் நெவில் தீல் 1961இலும், ரிச்சர்டு சுமால் 1970களின் தொடக்கத்திலும் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பின்னரே உருவாயிற்று. அதுவரை பெட்டி செய்தல் பெரிதும் பட்டறிவைச் சார்ந்த கைத்தொழிலாகவே இருந்தது.

இங்கிலாந்தின் கெஃப் நிறுவனத்தைச் சேர்ந்த லாரி ஃபிஞ்சம் 1979இல் பட்டைக்கடத்திப் பெட்டி குறித்த ஆய்வுரையை அளித்தார். அந்நிறுவனம் 1984இல் வெளியிட்ட 104/2 என்னும் ஒலிபெருக்கி இம்முறையைக் கையாண்டது. இந்திய வம்சாவளி அமெரிக்கரான அமர் போஸ் இரு அறைகளுக்கும் துளையிட்ட அமைப்புக்கு 1985இல் காப்புரிமை பெற்றார். 1987இல் வெளிவந்த போஸ் அக்கூஸ்டிமாஸ் அமைப்பு இவ்வகைப் பெட்டியை வீடுகளுக்குக் கொண்டு சென்றது. ஏர்ல் கெடசு 1989இல் வெளியிட்ட கட்டுரை வடிவமைப்புக் கணக்கை ஒழுங்குபடுத்தியது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்க மகிழுந்து ஒலியமைப்புச் சந்தையிலும், கண்ணாடி போன்ற அக்ரிலிக் சன்னல் வைத்த பட்டைக்கடத்திப் பெட்டிகள் ஆயத்தப் பொருள்களாக விற்பனைக்கு வரலாயின.

வடிவமைப்புக் கணக்கு

கணக்கிற்கு ஒலிபெருக்கியின் மூன்று எண்கள் இன்றியமையாதவை. முதலாவது தன்னதிர்வெண்; பெட்டியில்லாத நிலையில் கூம்பு இயல்பாக ஒத்ததிரும் அதிர்வெண் இது. இரண்டாவது மொத்த க்யூ. அந்த அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகின்றது என்பதன் அளவு. மூன்றாவது சமானக் கனஅளவு. கூம்பைத் தாங்கும் விளிம்பின் விறைப்புக்கு ஈடான விறைப்பை உடைய காற்றின் கனஅளவு. தயாரிப்பாளர்கள் இவற்றைக் குறிப்பேட்டில் அளிப்பர். எனினும் புதிய ஒலிபெருக்கியைச் சில மணி நேரம் இயக்கிய பின்னர் நேரில் அளந்து பார்ப்பதே நன்று. ஆம்ப்ளிஃபயரிலிருந்து செல்லும் மெல்லிய நீண்ட கம்பியின் மின்தடைகூட மொத்த க்யூவைச் சற்று உயர்த்திவிடும்.

வடிவமைப்பாளர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுப்பன இரண்டே. ஒன்று, எஸ் எனக் குறிக்கப்படும் தணிப்பு எண். இது 0.7 எனில் பட்டை சமதளமாக இருக்கும்; 0.6 எனில் 0.35 டெசிபெல்லும், 0.5 எனில் 1.25 டெசிபெல்லும் ஏற்ற இறக்கம் தோன்றும். ஆனால் பட்டை அகலும். மற்றொன்று அடைப்பறை க்யூ. அடைப்பறையில் வைக்கப்பட்ட ஒலிபெருக்கி பெறும் புதிய க்யூ மதிப்பு இது. இவற்றைக் கொண்டு,

துளையறைக் கனஅளவு = (2 × எஸ் × மொத்த க்யூ)² × சமானக் கனஅளவு

அடைப்பறைக் கனஅளவு = சமானக் கனஅளவு ÷ ((அடைப்பறை க்யூ ÷ மொத்த க்யூ)² − 1)

இசைவு அதிர்வெண் = அடைப்பறை க்யூ × தன்னதிர்வெண் ÷ மொத்த க்யூ

மிகைப்பு, டெசிபெல்லில் = 40 × மடக்கை (2 × எஸ் × அடைப்பறை க்யூ)

என்பன பெறப்படும். இங்கு மடக்கை 10ஐ அடியாகக் கொண்டது. மிகைப்பு என்பது அதே ஒலிபெருக்கி மூடிய பெட்டியில் பட்டையின் மேற்பகுதியில் தரும் ஒலியோடு ஒப்பிட்ட அளவு. பட்டையின் அகலம், அதாவது ஒலி 3 டெசிபெல் குறையும் இரு முனைகளுக்கு இடையிலான தொலைவு, எஸ் எண்ணையும், தன்னதிர்வெண்ணை மொத்த க்யூவால் வகுத்த ஈவையும் மட்டுமே சார்ந்தது. எஸ் 0.7 எனில் அவ்வீவை 0.7206ஆலும், 0.6 எனில் 0.956ஆலும், 0.5 எனில் 1.2712ஆலும் பெருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, தன்னதிர்வெண் 28 ஹெர்ட்ஸ், மொத்த க்யூ 0.40, சமானக் கனஅளவு 80 லிட்டர் கொண்ட 12 அங்குல ஒலிபெருக்கி ஒன்றைக் கொள்வோம். எஸ் 0.7 எனில் துளையறை 25.1 லிட்டர். மிகைப்பு ஏதும் வேண்டாம் என்றால் அடைப்பறை க்யூ 0.714 ஆக இருக்க வேண்டும். அப்போது அடைப்பறை 36.6 லிட்டர், இசைவு அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். பட்டை 31 ஹெர்ட்ஸ் முதல் 81 ஹெர்ட்ஸ் வரை விரியும்.

அடைப்பறை க்யூவை 0.9 ஆக உயர்த்தினால் அடைப்பறை 19.7 லிட்டராகச் சுருங்கும்; பெட்டி முழுவதற்கும் ஏறத்தாழ 17 லிட்டர் மிச்சமாகும். அதோடு 4 டெசிபெல் மிகைப்பும் கிடைக்கும். இது ஆம்ப்ளிஃபயரின் திறனை இரண்டரை மடங்காக்குவதற்கு ஈடானது. பார்வைக்கு எல்லாமே இலாபமாகத் தோன்றும். ஆனால் இசைவு அதிர்வெண் 63 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். பட்டையும் அதே 50 ஹெர்ட்ஸ் அகலத்துடன் அப்படியே மேலே நகர்ந்து 43 முதல் 93 ஹெர்ட்ஸ் வரை அமையும். 31 ஹெர்ட்ஸில் முதற்பெட்டியைவிட இப்பெட்டி ஏறத்தாழ 5 டெசிபெல் குறைவாக ஒலிக்கும். அகன்ற பட்டையை நாடி அதே 0.9க்கு எஸ் எண்ணை 0.5 ஆகக் குறைத்தால், துளையறை 12.8 லிட்டராகிப் பட்டை 33 முதல் 122 ஹெர்ட்ஸ் வரை விரியும். ஆனால் மிகைப்பு மறைந்து, இசைவு அதிர்வெண்ணில் 1.8 டெசிபெல் இழப்பு நேரும். சிறிய பெட்டி, உரத்த ஒலி, ஆழ்ந்த சுரம் ஆகிய மூன்றையும் ஒருசேரத் தரும் எண்கள் இக்கணக்கில் இல்லை.

ஒரே பெட்டி எந்த 12 அங்குல ஒலிபெருக்கிக்கும் பொருந்தும் என்னும் விளம்பரம் ஏன் தவறு என்பதும் இங்கே விளங்கும். மேற்கண்ட முதற்பெட்டியில் தன்னதிர்வெண் 35 ஹெர்ட்ஸ், மொத்த க்யூ 0.55, சமானக் கனஅளவு 60 லிட்டர் உடைய வேறோர் ஒலிபெருக்கியை வைத்தால், அடைப்பறையின் ஒத்ததிர்வு 57 ஹெர்ட்ஸுக்குச் சென்றுவிடும்; துளையறையோ 50 ஹெர்ட்ஸிலேயே நிற்கும். இரண்டும் பொருந்தாமையால் பட்டை ஒருபுறம் சாய்ந்து முகடாகிவிடும். மூடிய பெட்டியில் இத்தகைய மாற்றம் பெரும்பாலும் காதுக்கே எட்டாது.

துளைக்குழாய்

காகிதத்தில் சரியாக அமைந்த வடிவமைப்பு நடைமுறையில் இடறும் இடம் பெரும்பாலும் இதுவே. வட்டக் குழாயின் நீளத்தைச் சென்டிமீட்டரில் பின்வருமாறு கணக்கிடலாம்:

நீளம் = (23562.5 × விட்டம்² × குழாய்களின் எண்ணிக்கை) ÷ (இசைவு அதிர்வெண்² × துளையறை லிட்டர்) − 0.732 × விட்டம்

இறுதியில் கழிக்கப்படுவது முனைத்திருத்தம்; குழாயின் வாய்க்கு வெளியே உள்ள சிறிதளவு காற்றும் சேர்ந்து அசைவதால் அது தேவைப்படுகின்றது. 25.1 லிட்டர் அறையை 50 ஹெர்ட்ஸுக்கு இசைவிக்க 10 சென்டிமீட்டர் விட்டக் குழாய் 30 சென்டிமீட்டர் நீளம் இருத்தல் வேண்டும்; 7.5 சென்டிமீட்டர் விட்டக் குழாய்க்கு 15.6 சென்டிமீட்டர் போதும். இரண்டாவது எளிதாக உள்ளே அடங்கும் என்பதால் பலர் அதையே நாடுவர். ஆனால் இப்பெட்டியின் ஒலி முழுவதும் அக்குழாய் வழியாகவே செல்ல வேண்டும். தரைமேல் வைத்த பெட்டி திறந்த வெளியில் 1 மீட்டர் தொலைவில் 50 ஹெர்ட்ஸில் 110 டெசிபெல் தர வேண்டுமெனில், 10 சென்டிமீட்டர் குழாயில் காற்றின் உச்ச வேகம் நொடிக்கு 19 மீட்டர், 7.5 சென்டிமீட்டர் குழாயில் 34 மீட்டர். ஒலியின் வேகத்தில் 5 விழுக்காட்டை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டரைத் தாண்டினால் சீறலொலி எழத் தொடங்கும் என்பது பொதுவான வழிகாட்டு அளவு. குழாயை 15 சென்டிமீட்டர் விட்டமாக்கினால் வேகம் 8 மீட்டராகக் குறையும். ஆனால் நீளம் 73 சென்டிமீட்டருக்கு மேலாகி, குழாயின் கனஅளவு மட்டும் துளையறையின் பாதியை விஞ்சிவிடும். ஆகவே 10 சென்டிமீட்டர் குழாயின் இரு வாய்களையும் எக்காளத்தின் வாய்போல வளைத்து விரித்து அமைப்பதே இவ்வெடுத்துக்காட்டுக்கு ஏற்ற சமரசம் ஆகும்.

குழாய்க்குத் தன் நீளத்தைச் சார்ந்த ஒத்ததிர்வும் உண்டு. 30 சென்டிமீட்டர் குழாய்க்கு அது 450 முதல் 570 ஹெர்ட்ஸ் அளவில் அமைந்து, மனிதக் குரலின் எல்லைக்குள் விரும்பத்தகாத ஒலியைக் கசியவிடும். பட்டைக்கடத்திப் பெட்டிக்கு மின்வடிகட்டி தேவையில்லை என்று சொல்லப்படுவது இதனாலேயே முழு உண்மை அன்று. ஆம்ப்ளிஃபயரில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் தாழ்கடத்தி வடிகட்டியை இயக்கி வைத்தல் நலம்.

மகிழுந்தின் உள்வெளி

வீட்டுக்கெனக் கணக்கிட்ட பெட்டி மகிழுந்தில் வேறுவிதமாக ஒலிக்கும். ஒலியின் அரை அலைநீளம் மகிழுந்து உள்வெளியின் நீளத்தைவிட மிகும்போது, உள்ளே அலை பரவுவதற்குப் பதிலாக அழுத்தம் முழுவதுமாக ஏறி இறங்குகின்றது. உள்வெளி 2.7 மீட்டர் நீளம் எனில் இது ஏறத்தாழ 63 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடங்கும். முற்றிலும் காற்றுப்புகாத, வளையாத உள்வெளியில் ஒலி ஸ்தாயிக்கு 12 டெசிபெல் வீதம் உயரும் என்பது கோட்பாடு. உண்மையான மகிழுந்தில் கதவுத் தகடுகள் வளைவதாலும் காற்று கசிவதாலும் உயர்வு இதைவிடக் குறைவு.

நான்காம் படிப் பெட்டி கீழ்ப்பக்கம் சரியும் வீதமும் 12 டெசிபெல் என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. மேலே கண்ட இரண்டாம் பெட்டி 63 ஹெர்ட்ஸைவிட 31 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 12 டெசிபெல் குறைவாக ஒலிப்பது. உள்வெளியின் உயர்வு அவ்விழப்பின் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடும். சமதளமான முதற்பெட்டியோ மகிழுந்தில் மிகையாக உறுமும். காகிதத்தில் குறைபட்டதாகத் தோன்றிய சிறிய பெட்டியே மகிழுந்துக்கு ஏற்றதாகின்றது. இவ்வகைப் பெட்டி வீட்டைவிட மகிழுந்தில் மிகுதியாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

டிக்கி தனியாக அடைபட்ட மகிழுந்துகளில் மற்றொரு நன்மையும் உண்டு. பின்னிருக்கையின் நடுவிலோ, அதன் மேலுள்ள தட்டிலோ உள்ள திறப்பில் குழாயின் வாயை மட்டும் பொருத்தி, சுற்றியுள்ள இடைவெளியை நுரையால் அடைத்துவிட்டால் ஒலி நேராகப் பயணிகள் பகுதிக்குச் செல்லும். டிக்கியின் மூடியும் எண்பலகையும் அதிரா. திறந்த டிக்கியுடைய மகிழுந்துகளில் இத்தேவை எழுவதில்லை.

கட்டுமானமும் சரிபார்த்தலும்

பெட்டியை 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையிலோ தரமான பிளைவுட்டிலோ செய்வது வழக்கம். மேற்கண்ட கனஅளவுகள் உள்ளே எஞ்சும் காற்றின் அளவுகளாகும். குழாய், குறுக்குக் கட்டைகள், ஒலிபெருக்கியின் உடல் ஆகியன அடைத்துக்கொள்ளும் இடத்தைத் தனியே கூட்ட வேண்டும். காந்தம் எந்த அறைக்குள் நீண்டிருக்கின்றதோ அந்த அறைக்கே அதன் கனஅளவு சேரும். சிறிய துளையறையில் 2 லிட்டர் பிழைகூடப் பொருட்படுத்தத்தக்கது. இரு பக்க அழுத்தத்தையும் தாங்கும் உட்சுவரே பெட்டியில் மிக உறுதியாக இருக்க வேண்டிய பலகை. அதில் மின்கம்பி செல்லும் துளையைச் சிலிக்கோன் பசையால் முற்றிலும் அடைக்காவிடில் அறைகளுக்கிடையே காற்று கசிந்து கணக்கு முழுவதும் பொய்க்கும். ஒலிபெருக்கியை மாற்றுவதற்கெனத் திருகாணியிட்ட மூடிப்பலகை ஒன்றும், அதன் விளிம்பில் ரப்பர்ப் பட்டையும் தேவை.

வின்ஐஎஸ்டி போன்ற இலவச மென்பொருள்கள் கணக்கை எளிதாக்குகின்றன. ஆனால் செய்து முடித்த பெட்டி கணக்கின்படி உள்ளதா என்பதை அளந்தே அறிய இயலும். ஒலிபெருக்கியுடன் ஏறத்தாழ 100 ஓம் மின்தடையைத் தொடராக இணைத்து, கணினியிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வழியாக வெவ்வேறு அதிர்வெண்களைச் செலுத்தி, ஒலிபெருக்கியின் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்தால் இரண்டு முகடுகளும் நடுவே ஒரு பள்ளமும் தென்படும். பள்ளம் உள்ள இடமே இசைவு அதிர்வெண். இரு முகடுகளும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருந்தால் இரண்டு அறைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தியுள்ளன என்பது பொருள். பள்ளம் தாழ்ந்த அதிர்வெண்ணில் விழுந்தால் குழாயைச் சிறிது வெட்டலாம். வெட்டிய குழாயை நீட்டுவது கடினமாதலால் முதலில் சற்று நீளமாகவே விட்டுவைப்பர்.

குறைகளும் இடர்களும்

மிகைப்பை மட்டும் நாடிக் குறுகிய பட்டையுடன் செய்யப்பட்ட பெட்டிகளால் இவ்வகைக்கு ஒரே சுரப் பெட்டி என்னும் இகழ்ச்சிப் பெயர் ஏற்பட்டது. அப்பெட்டிகளில் தவிலின் இடந்தலையும் மின்கிட்டாரின் தாழ்சுரமும் வேறுபாடின்றி ஒரே உறுமலாகக் கேட்கும்.

இதைவிடக் கடுமையான இடர், பெட்டியின் நற்பண்பாகவே கருதப்படுவதிலிருந்து எழுகின்றது. மூடிய பெட்டியிலோ துளைப்பெட்டியிலோ ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையை மீறி அலையின் தலையை வெட்டத் தொடங்கினால், அல்லது கூம்பு எல்லை கடந்து இடித்தால், அதனால் பிறக்கும் உயரதிர்வெண் கரகரப்பு உடனே காதில் விழும். ஓட்டுநர் ஒலியைக் குறைத்துவிடுவார். பட்டைக்கடத்திப் பெட்டி அக்கரகரப்பைத் தன் பட்டைக்கு வெளியே உள்ளதென வடிகட்டி அடக்கிவிடுகின்றது. கேட்பவருக்கு ஒலி தூய்மையாகவே தோன்றும். உள்ளேயோ வாய்ஸ் காயில் எனப்படும் கம்பிச்சுருள் சூடேறிக்கொண்டிருக்கும். அடைப்பறையிலிருந்து வெப்பம் வெளியேற வழியும் குறைவு. கருகல் வாடை எழும்போது பெரும்பாலும் சுருள் மீட்க இயலாத நிலையை அடைந்திருக்கும். இக்காரணத்தால் ஒலிபெருக்கியின் தொடர்திறன் அளவை மிஞ்சாத ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுத்தலும், அதன் உள்ளீட்டுத் திருகியை அலைகாட்டியைக் கொண்டு தலைவெட்டு நிகழாத அளவில் நிறுத்திவைத்தலும் ஏனைய பெட்டிகளைவிட இதில் முதன்மை பெறுகின்றன.

ஒலிபெருக்கியோடு சேர்த்து இப்பெட்டியின் எடை 20 முதல் 30 கிலோகிராம் வரை இருக்கக்கூடும். திடீரென நிறுத்தும்போதோ மோதும்போதோ அது பின்னிருக்கையை நோக்கிப் பாயாதவாறு, மகிழுந்தின் உடற்சட்டத்தோடு இரும்புப் பட்டைகளால் பிணைக்கப்பட வேண்டும். டிக்கியின் தரைவிரிப்பில் ஒட்டுவது போதாது.